ஒன்பது ஃபிளாப்பியில் இரண்டு

தெருவில் எல்லோருக்கும் அவள் ஆபரேட்டர் அக்கா. ஆனால் அவள் ஆபரேட்டராக இருந்தது மொத்தம் எட்டு வருஷம்தான். ஒரு நூற்பாலையின் வாசலை ஒட்டிய சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வருகிற அழைப்பையெல்லாம் உரிய மேஜைக்குத் தள்ளிவிடுகிற வேலை. நூற்றுச் சொச்சம் எண்கள் அவளுக்கு மனப்பாடம். முப்பத்தோராவது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் இறங்கவும் செய்தது. இறங்கும்போது பேச்சையும் கால்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவை கண், காது, புத்தி, வலது கையில் ஆள்காட்டி விரல்.

அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தது தம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதிதாகச் சுற்றிக் கொடுப்பான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். வந்த புதிதிலேயே படுக்கையில் கிடக்கிற நாத்தனார் தலையில் விழுந்தால் எந்தப் பெண்ணுக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். தம்பி மனைவிக்கும் சுருங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கடைசி வருஷப் படிப்புக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும், பேச முடியாத ஒருவருக்குப் பேசுகிற கம்ப்யூட்டர் செய்யப் போகிறேன் என்றாள். ஒரு நிறுவனம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். அதற்குள் ஒலிக்காக முழநீளத்துக்கு ஒரு கார்டைச் சொருகினாள். விசையை அழுத்தினால் எழுத்து வரும், எழுத்து வந்தால் ஒலி வரும். அந்த ஒலியை யாராவது ஒருத்தர் பேசித் தர வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பெண் குரல் தம்பி மனைவியுடையது. மூன்று நாள், கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க, அவள் மைக்கின் முன் உட்கார்ந்து அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரே குரல்.

எழுத்துக்கு எழுத்து தனியாக, படி இறங்குவது போலத்தான் அந்தப் பேச்சு வரும். ஆனாலும் அது பேச்சு. அக்கா கேட்டாள், பதில் சொன்னாள், குறை சொன்னாள், கணக்குப் புத்தகத்தோடு வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அதட்டினாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் சண்டை போட்டால் ஒரே ஆள் தன்னைத்தானே திட்டிக்கொள்வது போல இருக்கும். பட்டறையில் இருக்கிற தம்பிக்கு எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்றே தெரியாது. வெட்டி வெட்டி வந்தால் அக்கா, வெள்ளமாக வந்தால் பெண்டாட்டி என்று கண்டுபிடித்துக்கொள்வான்.

கடைக்கு வருகிற போனை எடுப்பதும் அக்காதான். தம்பி போனின் ஸ்பீக்கரைப் போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தான். "சொல்லுங்க, மோட்டார் கடை" என்பதை ஒரே விசையில் வைத்திருந்தாள். ஒருமுறை மோட்டாரோடு நேரில் வந்த ஒருவர், "போன்ல பொறுமையாப் பேசுறீங்க, நேர்ல ஏம்மா சிடுசிடுங்கறீங்க?" என்று தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டார். அன்று முழுக்க அவள் யாருடனும் பேசவில்லை. அக்காவுக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

அந்தப் பெட்டி கிளம்புவதற்கு ஒரு வரிசை உண்டு. தம்பி ஸ்விட்சைத் தட்டுவான். முதலில் ஃபேன் இரையும். திரையில் எண்கள் ஏறும். ஒரு பீப். ஃபிளாப்பி டிரைவ் ஒருமுறை உறுமும். பிறகு உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க், குக்கர் விசில் மெல்லத் தொடங்குவது போல ஒரு சத்தத்தோடு வேகம் பிடிக்கும். கடைசியாக, இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் குரலில் "தயார்" என்று வரும். ஒவ்வொரு நாள் காலையும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்பாள். எந்தச் சத்தம் எத்தனை நொடி என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஃபேன் மட்டும் இரைந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தம்பி அணைத்துப் போட்டான். அணைத்துப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது. வயரையெல்லாம் பிடுங்கி மாட்டினான். மீட்டரை எடுத்து வந்து மின்சாரம் வருகிறதா என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. "கரண்ட்ல ஓடுற சாமான்தானேக்கா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அக்காவுக்கு என்ன கோளாறு என்று தெரியும். அவளைத் தின்றுகொண்டிருந்ததே அதுதான். மூன்று வாரமாக அந்தப் பெட்டியின் கடிகாரம் தினமும் பின்தங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, அது செத்தால் கடிகாரம்தான் முதலில் பிசகும் என்று அந்தக் கல்லூரிப் பெண் என்றைக்கோ சொல்லியிருந்தாள். அக்கா தினமும் நேரத்தைத் திருத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். சொன்னால் தம்பி ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பான். எதையும் திறந்து பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறக்க வழியில்லை.

விசைப்பலகையில் தட்டிக் காட்டலாம் என்றால், இருபத்தாறு வருஷத்தில் விசைகள் மேல் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து, விசைகள் மொழுமொழு என்று ஆகியிருந்தன. எந்த விசை எந்த எழுத்து என்பது அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். தம்பி மனைவி பழைய காலண்டர் தாளைத் திருப்பி, கட்டம் போட்டு, எழுத்துகளை எழுதினாள். தாள் முழுக்க எட்டும் அளவுக்கு அக்காவின் கை நகராது; அதனால் வேறு யாராவது பென்சிலால் வரிசை வரிசையாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். சரியான இடம் வந்தால் அக்கா ஒருமுறை கண் சிமிட்டுவாள். ஒரு சிமிட்டல் ஆமாம், இரண்டு சிமிட்டல் இல்லை.

பென்சில் தம்பி கையில் இருந்தது. முதல் எழுத்து க. அடுத்தது டி.

"கடிக்குதா? எறும்பா?"

இரண்டு சிமிட்டல். அவன் அவசரமாக மேலே போனான். கா வந்தது, ர வந்தது.

"கடிகாரமா? மணி பத்தேகால் ஆகுதுக்கா. மாத்திரை போடணுமா?"

அக்கா சலித்துப்போய்க் கண்ணை மூடினாள்.

"பாத்தியா, ஆமாங்கறா" என்று சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டான்.

கண்ணை மூடினால் அதுவும் ஆமாம் என்று ஆகிவிடுகிறதே என்று அக்காவுக்கு அழுகை வந்தது. தம்பி மனைவிதான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருங்க. மாத்திரைய எட்டு மணிக்கே நான் குடுத்தாச்சு. அண்ணி சொல்றது சுவத்துக் கடிகாரம் இல்ல. அந்தப் பெட்டியில தேதி காட்டுமே, அது." அக்கா ஒருமுறை சிமிட்டினாள். பேட்டரி என்கிற சொல்லை முழுதாக வாங்கி முடிக்க இன்னும் கால் மணி நேரம் ஆனது.

திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த சர்க்யூட் அட்டையின் ஒரு மூலையில், விரல்நுனி அளவுக்கு இருந்த அந்த பேட்டரி கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் இருந்தது. கசிவு பக்கத்தில் ஓடிய மெல்லிய செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. தம்பிக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. செம்புதானே அவன் தொழில். பேட்டரியை வெட்டி எடுத்தான். வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தான், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பியால் அறுந்த கோடுகளை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டான். பட்டறையில் நான்கு மோட்டார்கள் காத்துக் கிடந்தன. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எதற்கும் அவன் எழவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்விட்சைத் தட்டியபோது பீப் சத்தம் வந்தது. வழக்கமான ஒன்று இல்லை, மூன்று. அது முன்பு ஒருமுறை கேட்ட சத்தம் என்று அக்காவுக்கு நினைவு வந்தது. மெமரி சரியாக உட்காராவிட்டால் இப்படிக் கத்தும். காலண்டர் தாள் மறுபடி வந்தது. இந்தமுறை பென்சிலைத் தம்பி மனைவியே வைத்துக்கொண்டாள். மெமரி அட்டைகளைப் பிடுங்கி, அவற்றின் பல்லை அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினார்கள். திரை விழித்தது. எண்கள் ஏறின. அந்த அறையில் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் பெட்டி அதற்கு மேல் நகரவில்லை. பேட்டரி செத்ததில் அதற்குத் தன் ஹார்ட் டிஸ்க் எது என்றே மறந்துபோயிருந்தது. டிஸ்க்கின் அளவுகளைச் சொல் என்று கேட்டு நின்றது.

தம்பி கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்தான். தெருக்கோடியில் கடை வைத்திருந்த அவர் நல்ல மனிதர். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் பள்ளிக்கூடம் போறப்பவே இது பழசு" என்றார். அந்த நீளமான கார்டு இப்போதைய எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது, அந்த நிரலும் ஓடாது என்று சொன்னார். அதனால் பரவாயில்லை, குரல் பதிவு மட்டும் கையில் கிடைத்தால் வேறு எதிலாவது பேச வைத்துவிடலாம், "இது எப்படியாவது ஒருதடவை கிளம்புச்சுன்னா வேற எதுவும் செய்யாதீங்க, மொதல்ல காப்பி எடுங்க" என்றார். ஏற்கெனவே காப்பி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார்.

தம்பி முகம் மலர்ந்து எழுந்தான். அந்தக் கல்லூரிப் பெண் ஒன்பது ஃபிளாப்பியில் எல்லா எழுத்தையும் போட்டு, பத்திரமாக வையுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவனும் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். பட்டறை மேஜையின் கடைசி இழுப்பறையிலிருந்து, தூசி தட்டி, உறையோடு கொண்டுவந்து நீட்டினான்.

கடைக்காரர் வாங்கிக்கொண்டு, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். தம்பி காட்டினான். அந்த இழுப்பறையில்தான் அவன் மோட்டாரிலிருந்து கழற்றிய காந்தங்களையும் போட்டு வைப்பான். பெரிதும் சிறிதுமாக ஒரு கூடை தேறும். கடைக்காரர் உறையை மடியில் வைத்துக்கொண்டார். காந்தம் பட்டால் ஃபிளாப்பியில் ஒன்றும் மிஞ்சாது என்பதை அவர் பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு தம்பி அக்காவின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"நான்தான்க்கா அழிச்சுட்டேன்."

அதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவளிடம் இருந்தவை அந்த இரண்டு மட்டும்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அந்தக் கல்லூரிப் பெண்ணின் பழைய எண் உபயோகத்தில் இல்லை. கல்லூரியில் கேட்டதற்கு, கல்யாணமாகி எங்கோ வெளிநாடு போனதாக மட்டும் சொன்னார்கள்.

டிஸ்க்கின் அளவுகளை எங்கே தேடுவது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை முழுக்க வீணாகப் போனது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாள் மங்கி வெளுத்திருந்தது. தம்பி கையைப் பிசைந்துகொண்டு முன்னறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். அக்கா கண்ணால் காலண்டர் தாளைக் காட்டிக் காட்டி ஓய்ந்தாள். கவனித்தது தம்பி மனைவி. எழுத்து எதற்கும் அக்கா சிமிட்டவில்லை. எண்களா என்று கேட்டதும் சிமிட்டினாள். ஒன்பது, ஏழு, ஏழு. பிறகு ஐந்து. பிறகு ஒன்று, ஏழு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் பெட்டியைப் பொருத்தும்போது தனக்குத்தானே முணுமுணுத்த எண்கள். ஆபரேட்டருக்கு எண் மறப்பதில்லை.

சனிக்கிழமை காலை எண்களைப் போட்டதும் பெட்டி ஒப்புக்கொண்டது. ஒரு பீப். ஃபிளாப்பி டிரைவ் உறுமியது. விசில் மட்டும் வரவில்லை. தம்பி டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு முனகல். அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "மோட்டார் ஒட்டிக்கிச்சு. சுத்தணும்னு பாக்குது, முடியல." ஆயிரம் மோட்டார்களில் கேட்ட முனகல்தான். டிஸ்க்கை வயரோடு வெளியே எடுத்து உள்ளங்கையில் ஏந்தி, பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டை வெடுக்கென்று ஒருமுறை திருப்பினான். இரண்டாம் முறை திருப்பியபோது விசில் கிளம்பி மேலே ஏறியது.

"தயார்."

ஐந்து நாளுக்குப் பிறகு கேட்ட குரல். தம்பி மனைவி தன் குரலைத் தானே கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி டிஸ்க்கைக் கையிலேயே ஏந்தி நின்றான். கீழே வைக்கப் பயம். "பேசுக்கா" என்றான்.

அக்காவின் விரல் விசைக்கு வந்துவிட்டது. சொல்ல வேண்டியது ஐந்து நாளாக வரிசை கட்டி நின்றது. கடிகாரத்தைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும். உன்மேல் தப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் விசிலுக்கு அடியில் மணலை அரைப்பது போல மெல்லிய இன்னொரு சத்தமும் இருந்ததை அவள் கேட்டுவிட்டாள். அது புதுச் சத்தம். காப்பி எடுத்துக்கொண்டிருந்தால் பெட்டி பேசாது, பேசிக்கொண்டிருந்தால் காப்பி எடுக்காது.

அவள் பேசவில்லை. ஒற்றை விரலால் காப்பிக்கான கட்டளையைத் தட்டத் தொடங்கினாள். திரையைப் பார்த்துப் புரிந்துகொண்ட தம்பி மனைவி அழிந்துபோன அதே ஃபிளாப்பிகளை எடுத்துவந்து ஒன்றைச் சொருகினாள். முதலில் அதைப் புதிதாக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். ஒன்று முடிய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. உயிரெழுத்தும் ககரமும் முதலில் ஏறின. இரண்டாவதில் ஙகரமும் சகரமும். தம்பி டிஸ்க்கை ஏந்திய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டான். மூன்றாவது பாதியில் இருந்தபோது அந்த மணல் சத்தம் பெரிதாகி, தகரத்தைக் கிழிப்பது போல ஒருமுறை கேட்டது. விசில் கீழே இறங்கி நின்றது.

அதற்குப் பிறகு அவன் எத்தனை தடவை திருப்பினான் என்று யாரும் எண்ணவில்லை. மத்தியானம் வரை திருப்பினான். தம்பி மனைவி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டிஸ்க்கை வாங்கி வைத்தாள்.

அழிந்த டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னதால் அதையும் அனுப்பிப் பார்த்தார்கள். தகடே சுரண்டுபட்டுவிட்டது என்று திரும்பி வந்தது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒருவர் ஏற்பாடு செய்து ஒரு டேப்லெட் கிடைத்தது. அதில் தமிழ் பேசும். செய்தி வாசிப்பது போல, தடங்கல் இல்லாமல், யாருடையதோ ஒரு குரலில் பேசும். அக்கா ஒரு மாதம் அதைத் தொடவில்லை. தம்பி மனைவி ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அறையைச் சாத்திக்கொண்டு, எல்லா எழுத்தையும் மறுபடி போனில் சொல்லிப் பதிந்து கொண்டுவந்தாள். ஐம்பது வயதுக் குரல், கொஞ்சம் கரகரப்பு. அக்கா கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் குரல் இப்ப இப்படித்தான் இருக்கு அண்ணி. நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அந்த வீட்டில் ஒரு பக்கம் மட்டும் நடந்த முதல் சண்டை அது.

அக்கா முதன்முதலாக டேப்லெட்டில் தட்டியது கடிகார விஷயத்தைத்தான். மூன்று வாரமாக எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டது நான் என்று அந்தச் செய்திக் குரல் அறிவித்தது. தம்பி சால்டரிங் வேலையிலிருந்து நிமிர்ந்து, அவளையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரோ சொல்ற மாதிரி இருக்குக்கா" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். அதை அவள் இன்னொரு முறை தட்டிச் சொல்லவில்லை.

போனை அந்தக் குரலில் எடுத்துப் பார்த்தாள். ஏதோ விளம்பரம் என்று நினைத்து, "வேணாங்க" என்று வைத்துவிடுகிறார்கள். இப்போது தம்பி மனைவிதான் எடுக்கிறாள்.

மிஞ்சிய இரண்டு ஃபிளாப்பியைக் கடைக்காரர் எங்கோ கொடுத்து, அதில் இருந்ததை டேப்லெட்டில் ஏற்றித் தந்தார். உயிரெழுத்து, க, ங, ச, அவ்வளவுதான். மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது அக்கா அந்த எழுத்துகளை வைத்து என்னென்ன சொல்ல முடியும் என்று கூட்டிப் பார்ப்பாள். காக்கா வருகிறது. கொசு வருகிறது. சங்கு வருகிறது. ச்சீ என்று திட்டலாம். ஒருநாள் "ஏங்க" என்று வந்தது. முன்னறையிலிருந்து தம்பி, "என்னம்மா?" என்று குரல் கொடுத்தான். கல்யாணமான புதிதில் கொடுத்த அதே குரல்.

அக்கா திகைத்துப்போய் விரலை எடுத்துவிட்டாள். அவனுடைய பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரி கூப்பிட முடிகிறது. தம்பி என்று கூப்பிட அந்தக் குரலில் எழுத்து இல்லை.

பதில் வராததால் அவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். கடைக்குப் போயிருந்த தம்பி மனைவி இன்னும் திரும்பவில்லை. என்ன வேண்டும், தண்ணீரா, ஃபேனா, முதுகுக்குத் தலையணையா என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அவள் இரண்டு முறை சிமிட்டினாள்.